கருஞ்சிறுத்தைச் சின்னம்
ஓர் அமெரிக்க மாவட்டத்தின் கதை

தேர்தல் நாளன்று வாக்குச் சீட்டிலோ இயந்திரத்திலோ நாம் முதலில் தேடுவது சின்னத்தைத்தான். எழுத்துத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து வாக்களிக்கலாம். இந்தியாவில் 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அப்போது நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை இருந்தது. "உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று எவரும் கேட்கவில்லை.

அமெரிக்கா பணக்கார நாடு. அங்கே பல பகுதிகளில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கொண்டே பல லட்சம் பேரின் வாக்குரிமையைப் பறித்தார்கள். அப்படி வாக்குரிமை இழந்தவர்கள் வாழ்ந்த இடங்களில் ஒன்று லவுண்ட்ஸ் கவுண்டி. அந்த மக்கள் தங்கள் உரிமையை எப்படிப் பெற்றார்கள்? அதுதான் இந்தக் கதை.

கவுண்டி என்றால் என்ன?

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் உள்ளன. ஒவ்வொரு மாநிலமும் பல சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பகுதிக்குக் கவுண்டி என்று பெயர். நம் மாவட்டத்தைப் போன்றது என்று சொல்லலாம். ஆனால் அளவில் பெரும்பாலும் சிறியது. நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன.

ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம் மாவட்டத்துக்கு ஆட்சியரை அரசு நியமிக்கிறது. காவல்துறை அதிகாரியையும் அரசே நியமிக்கிறது. அமெரிக்காவின் பல கவுண்டிகளில் இத்தகைய அதிகாரிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். காவல் பொறுப்பை ஏற்கும் அதிகாரிக்கு ஷெரீப் என்று பெயர். வரியை மதிப்பிடுபவர், வரியை வசூலிப்பவர், பள்ளிக்கூடங்களைக் கவனிக்கும் குழுவினர் ஆகியோரும் பல இடங்களில் தேர்தலில் வென்றே பதவிக்கு வருகிறார்கள்.

எனவே அங்கே வாக்கு இல்லாதவருக்குக் காவல் நிலையத்தில் மதிப்பு இல்லை. வரி விதிப்பதில் பேச்சு இல்லை. பள்ளிக்கூடம் நடத்துவதிலும் பங்கு இல்லை.

கரிசல் பூமி

லவுண்ட்ஸ் கவுண்டி அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் இருக்கிறது. அலபாமா என்ற மாநிலத்தைச் சேர்ந்தது. அந்த மாநிலத்தின் தலைநகர் மாண்ட்கோமரி. அதற்கு மேற்கே அடுத்தாற்போல் இருப்பது லவுண்ட்ஸ். இதன் பரப்பு சுமார் 1,880 சதுர கிலோமீட்டர். வடக்கு எல்லையில் அலபாமா ஆறு ஓடுகிறது. கவுண்டியின் தலைமை ஊர் ஹெய்ன்வில். இது மிகச் சிறிய ஊர். நீதிமன்றமும் கவுண்டி அலுவலகங்களும் இங்கேதான் உள்ளன.

அலபாமாவின் நடுவே கறுப்பு மண் நிலம் ஒரு பட்டை போல நீண்டு கிடக்கிறது. அதனால் அந்தப் பகுதியைக் கறுப்புப் பட்டை என்றே அழைக்கிறார்கள். லவுண்ட்ஸ் அதற்குள் அடங்கும். நம் கரிசல் மண்ணைப் போலவே இந்த மண்ணும் மழையில் ஊறி உப்பும். வெயிலில் காய்ந்து வெடிக்கும். தண்ணீரை எளிதில் கீழே இறங்க விடாது. பருத்திக்கு ஏற்ற மண். இந்த மண்தான் லவுண்ட்ஸின் செல்வத்துக்குக் காரணம். அதன் துயரத்துக்கும் காரணம்.

அடிமைகள் வந்த கதை

இந்த நிலம் முதலில் மஸ்கோகி என்ற பழங்குடி மக்களுடையது. வெள்ளையர்கள் அவர்களைக் கிரீக் மக்கள் என்று அழைத்தார்கள். 1813 டிசம்பரில் இன்றைய லவுண்ட்ஸ் பகுதியில் இருந்த அவர்களுடைய ஊர் ஒன்றை அமெரிக்கப் படை தாக்கியது. 1814இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் அவர்களுடைய நிலத்தின் பெரும் பகுதி பறிபோனது.

அதன்பின் வெள்ளையர்கள் இங்கே குடியேறினார்கள். 1830இல் லவுண்ட்ஸ் கவுண்டி உருவானது. தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் லவுண்ட்ஸ் என்ற அரசியல் தலைவரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

பருத்திக்கு நல்ல விலை கிடைத்தது. நிலத்தை உழவும் களை எடுக்கவும் பருத்தி பறிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். வெள்ளை முதலாளிகள் கூலி கொடுத்து ஆள் வைக்கவில்லை. அடிமைகளை விலைக்கு வாங்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள்தான் அந்த அடிமைகள்.

1860இல் அரசு மக்கள்தொகைக் கணக்கெடுத்தது. அப்போது லவுண்ட்ஸில் 27,716 பேர் இருந்தார்கள். அவர்களில் 19,340 பேர் அடிமைகள். அதாவது பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேர் அடிமைகள்.

அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பது அலபாமாவில் சட்டப்படி குற்றமாக இருந்தது. படித்தால் உரிமை கேட்பார்கள் என்று முதலாளிகள் அஞ்சினார்கள்.

விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 1865இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1870இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்து அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்கப் பெண்களுக்கு 1920இல்தான் நாடு முழுவதும் அந்த உரிமை வந்தது.

அடிமைகள் விடுதலை பெற்றார்கள். ஆனால் நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது. எனவே கறுப்பின மக்கள் வாரத்துக்கு உழுதார்கள். விளைச்சலில் ஒரு பங்கை முதலாளிக்குக் கொடுக்க வேண்டும். விதைக்கும் உணவுக்கும் அவரிடமே கடன் வாங்க வேண்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பல குடும்பங்களுக்குக் கடன்தான் மிஞ்சும். கணக்கை எழுதுபவர் முதலாளி. கைநாட்டு வைப்பவர் உழவர். எழுதியது சரியா தவறா என்று படித்துப் பார்க்கப் பலருக்குத் தெரியாது.

இந்த நிலையை மாற்ற 1892இல் ஒரு முயற்சி நடந்தது. கல்கூன் என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. சார்லட் தார்ன், மேபல் டில்லிங்ஹாம் என்ற இரண்டு ஆசிரியைகள் அதைத் தொடங்கினார்கள். புக்கர் வாஷிங்டன் என்ற புகழ்பெற்ற கறுப்பினத் தலைவர் அவர்களுக்குத் துணை நின்றார். அந்தப் பள்ளி எழுத்தும் கைத்தொழிலும் கற்றுக் கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. பெரிய தோட்ட நிலங்களை வாங்கிச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கறுப்பின உழவர்களுக்கு விற்கவும் ஏற்பாடு செய்தது. இப்படிச் சில குடும்பங்கள் சொந்த நிலம் பெற்றன. ஆனால் பெரும்பாலான மக்கள் வாரக் குடிகளாகவே இருந்தார்கள்.

படிப்பையே பூட்டாக மாற்றினார்கள்

1901இல் அலபாமா மாநிலம் புதிய அரசியல் சட்டம் எழுதியது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அதில் புதிய விதிகள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அல்லது சொத்து இருக்க வேண்டும். தலைவரி கட்ட வேண்டும். கறுப்பின மக்களுக்கு வாக்கு இல்லை என்று எந்த இடத்திலும் நேராக எழுதவில்லை. ஆனால் அவர்களை விலக்குவதே அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்குள் அலபாமா முழுவதிலும் பட்டியலில் மிஞ்சிய கறுப்பின வாக்காளர் சில ஆயிரம் பேர் மட்டுமே.

படிப்புச் சோதனை எப்படி நடந்தது? பெயர் பதிவு செய்யும் அலுவலகம் மாதத்தில் சில நாள்தான் திறந்திருக்கும். அங்கே நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படிக்கவோ எழுதவோ வேண்டும். சட்டம் பற்றிய கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. படிப்பறிவு குறைந்த வெள்ளையரையும் அவர் பட்டியலில் சேர்ப்பார். நன்றாகப் படித்த கறுப்பினத்தவரையும் சிறு பிழை சொல்லித் திருப்பி அனுப்புவார்.

படிப்பு மனிதனுக்குக் கதவைத் திறக்க வேண்டும். இங்கே அதையே பூட்டாக மாற்றிவிட்டார்கள்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நிலை நீடித்தது. அந்தக் காலத்தில் பருத்திக் காயைத் துளைக்கும் வண்டு வந்து பயிரை அழித்தது. விவசாய வேலை குறைந்தது. அடக்குமுறையும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் ஊரை விட்டு வடக்கே இருந்த தொழில் நகரங்களுக்குப் போனார்கள். 1900இல் லவுண்ட்ஸில் முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். 1960இல் 15,417 பேர்தான் இருந்தார்கள். அப்போதும் நூற்றுக்கு 80 பேர் கறுப்பின மக்கள்.

ஆனால் 1965ஆம் ஆண்டு தொடக்கத்தில் லவுண்ட்ஸின் வாக்காளர் பட்டியலில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. பட்டியலில் இருந்த வெள்ளையரின் பெயர்களோ அங்கே வாழ்ந்த வாக்களிக்கும் வயதுள்ள வெள்ளையரைவிட அதிகம். இறந்தவர்களின் பெயர்களும் ஊரை விட்டுப் போனவர்களின் பெயர்களும் நீக்கப்படாமல் இருந்தன.

இறந்து போன வெள்ளையருக்குப் பட்டியலில் இடம் இருந்தது. உயிரோடு இருந்த கறுப்பினத்தவருக்கு இடம் இல்லை.

1965: மக்கள் எழுந்தார்கள்

1965 மார்ச் மாதம் லவுண்ட்ஸைச் சேர்ந்த கறுப்பினத்தவர் சிலர் ஹெய்ன்வில் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனார்கள். "எங்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்" என்று கேட்டார்கள். அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மீண்டும் போனார்கள். இந்த முறை இரண்டு பேரின் பெயர்கள் பட்டியலில் ஏறின. ஒருவர் ஜான் ஹியூலெட். அவர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். மற்றவர் ஜான் லாசன் என்ற போதகர். அவருக்குக் கண் பார்வை இல்லை.

அதே மாதம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் ஒரு பெரிய நடைப்பயணம் நடந்தது. செல்மா என்ற ஊரில் மார்ச் 21இல் தொடங்கி, மார்ச் 25இல் மாண்ட்கோமரியில் முடிந்தது. வாக்குரிமை கேட்டு நடந்த பயணம் அது. மொத்தத் தொலைவு சுமார் 86 கிலோமீட்டர். வழியின் பெரும் பகுதி லவுண்ட்ஸ் வழியாகச் சென்றது. அங்கே சாலை குறுகலாக இருந்தது. அதனால் 300 பேர் மட்டுமே நடக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது.

பயணம் முடிந்த அன்று இரவே ஓர் உயிர் பறிபோனது. வயோலா லியூஸோ என்பவர் ஐந்து பிள்ளைகளின் தாய். வெள்ளையினப் பெண். நடைப்பயணத்துக்கு உதவ வெகு தொலைவிலிருந்து வந்திருந்தார். ஆட்களைத் தம் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். லவுண்ட்ஸ் சாலையில் அவரை வெறியர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

ஆகஸ்டு 20இல் ஹெய்ன்வில் ஊரில் இன்னொரு கொலை நடந்தது. ஜானதன் டேனியல்ஸ் என்ற வெள்ளை இளைஞர் சமயக் கல்வி பயின்றவர். கறுப்பின இளம்பெண் ஒருவரைச் சுடுவதற்கு ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். டேனியல்ஸ் அவளைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தம் மேல் வாங்கி இறந்தார். சுட்டவன் தண்டனை இல்லாமல் விடுதலையானான். அவனை விசாரித்த ஜூரிகள் எல்லோரும் வெள்ளையர்கள். கறுப்பினத்தவர் ஜூரியாக உட்கார முடியாத நிலை அங்கே இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான், 1965 ஆகஸ்டு 6இல், வாக்குரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அலபாமா போன்ற மாநிலங்களில் படிப்புச் சோதனை நிறுத்தப்பட்டது. நடுவண் அரசின் அதிகாரிகளே லவுண்ட்ஸுக்கு வந்து பெயர்களைப் பதிவு செய்தார்கள். மக்கள் வரிசையில் நின்று பெயர் சேர்த்தார்கள்.

கூடார ஊர்

முதலாளிகள் கோபம் கொண்டார்கள். பெயர் பதிவு செய்த வாரக் குடிகளை நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். பல தலைமுறையாக வாழ்ந்த வீட்டை விட்டுக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

அவர்கள் ஊரை விட்டு ஓடவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கறுப்பின மக்களுக்குச் சொந்தமான நிலம் இருந்தது. 1965 டிசம்பரில் அங்கே கூடாரம் அடித்தார்கள். குளிரிலும் மழையிலும் பிள்ளைகளோடு அங்கேயே தங்கினார்கள். இரவில் சாலையில் போன வண்டிகளிலிருந்து கூடாரங்களை நோக்கிச் சுட்டார்கள். சில குடும்பங்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தன. நாளடைவில் வேறு வீடுகள் கிடைத்தன. இன்று அந்த இடத்தில் இந்த வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடம் இருக்கிறது.

சேவலும் சிறுத்தையும்

வாக்கு வந்தது. யாருக்கு வாக்களிப்பது? அங்கே செல்வாக்குடன் இருந்தது வெள்ளையரின் ஆதிக்கத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி. அலபாமாவில் அதன் சின்னம் வெள்ளைச் சேவல். வெள்ளையரே மேல் என்று பொருள்படும் சொற்களும் சின்னத்தோடு இருந்தன. 1966இல்தான் அந்தச் சொற்களை மாற்றினார்கள்.

எனவே கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு கட்சியைத் தொடங்கினார்கள். அதற்கு லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலை அமைப்பு என்று பெயர். ஜான் ஹியூலெட் அதன் தலைவர். ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற இளைஞர்கள் வெளியூரிலிருந்து வந்து துணை நின்றார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்குத் தெளிவான சின்னம் வேண்டும். பாயும் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறுத்தை தானாக வந்து வம்பு செய்யாது. ஒரு மூலைக்குத் தள்ளினால் திருப்பிப் பாயும். இதுதான் அந்தச் சின்னத்துக்கு அவர்கள் சொன்ன விளக்கம். பின்னால் அமெரிக்காவின் மேற்குக் கரையில் தொடங்கப்பட்ட ஒரு புகழ்பெற்ற கறுப்பின இயக்கம் தன் பெயரையும் சின்னத்தையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டது.

சின்னம் மட்டும் போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஷெரீப்பின் வேலை என்ன? வரி மதிப்பிடுபவர் என்ன செய்வார்? பள்ளிக் குழுவுக்கு என்ன அதிகாரம்? இவற்றைப் படங்களோடு எளிய சொற்களில் விளக்கும் சிறு புத்தகங்களை அச்சிட்டார்கள். தேவாலயங்களில் கூடிப் பேசினார்கள். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு எடுத்துச் சொன்னார்.

1966 மே 3இல் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு தேவாலயத்தில் சுமார் 900 பேர் கூடினார்கள். நவம்பரில் தேர்தல் நடந்தது. ஏழு பேர் போட்டியிட்டார்கள். ஏழு பேரும் தோற்றார்கள். முதலாளிகளுக்கு அஞ்சியவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள்.

ஆனால் மக்கள் சோர்ந்துவிடவில்லை. 1970இல் மீண்டும் ஒரு தேர்தல் வந்தது. இந்த முறை ஜான் ஹியூலெட் ஷெரீப்பாக வெற்றி பெற்றார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பட்டியலில் பெயரே இல்லாதவர் கவுண்டியின் காவல் தலைவரானார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

இன்றைய லவுண்ட்ஸ்

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி லவுண்ட்ஸில் 10,311 பேர் வாழ்கிறார்கள். பெரும்பான்மையோர் இன்றும் கறுப்பின மக்களே. பருத்தி வயல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மேய்ச்சல் நிலமும் காடும் மிகுதி. வேலை தேடி இளைஞர்கள் வெளியூர் போகிறார்கள்.

வறுமை இன்னும் தீரவில்லை. பல வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. செப்டிக் டேங்க் கட்டினாலும் அந்தக் கரிசல் மண் கழிவுநீரை உறிஞ்சுவதில்லை. அதற்கேற்ற தனி அமைப்பைக் கட்ட ஏழைகளிடம் பணம் இல்லை. சில வீடுகளில் கழிவுநீர் குழாய் வழியாக வெளியேறி முற்றத்திலேயே தேங்குகிறது. 2017இல் ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. அதில் சோதிக்கப்பட்ட 55 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் கொக்கிப்புழுவின் அடையாளம் தெரிந்தது. பருத்தியைத் தந்த அதே மண் இன்று நோயைத் தருகிறது.

இதை எதிர்த்தும் மக்கள் குரல் கொடுத்தார்கள். லவுண்ட்ஸில் வளர்ந்த கேத்தரின் பிளவர்ஸ் என்ற பெண்மணி இந்தப் பிரச்சினையை நாடறியச் செய்தார். 2023இல் நடுவண் அரசுக்கும் அலபாமாவின் சுகாதாரத் துறைக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய நடுவண் ஆட்சி அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. எனவே லவுண்ட்ஸ் மக்களின் போராட்டம் முடிந்துவிடவில்லை.

இந்தக் கதை சொல்வது என்ன?

லவுண்ட்ஸில் நூற்றுக்கு 80 பேராக இருந்தும் கறுப்பின மக்களுக்கு அதிகாரம் இல்லை. எண்ணிக்கை மட்டும் போதாது. பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். பயமின்றி வாக்களிக்க வேண்டும். யாருக்கு என்ன வேலை என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாக்கு எல்லோருக்கும் உரியது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அது ஒன்றே. அதற்குப் படிப்பு நிபந்தனை ஆகக் கூடாது. ஆனால் படிப்பு வந்தால் வாக்கின் பலம் கூடும். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நாமே பார்க்கலாம். பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று நாமே தேடலாம். இல்லையென்றால் கேட்கலாம்.

கலந்து பேசுங்கள்

1. படிப்புச் சோதனை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்திருந்தால் அது நியாயமாக இருந்திருக்குமா?

2. வீட்டை இழந்த பிறகும் கூடாரத்தில் தங்கிய குடும்பங்கள் ஏன் ஊரை விட்டுப் போகவில்லை?

3. உங்கள் வாக்காளர் பட்டியலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் பெயரும் வயதும் அதில் சரியாக இருக்கின்றனவா?